நாடு கடத்தப்பட்டவர்கள்

நாடு கடத்தல் என்றதும் நம் நினைவுக்கு முதலில் வருபவர்கள் காட்டுக்குப் போன இராமனும், பன்னிரண்டு ஆண்டு வனவாசமும் ஓராண்டு மறைவு வாழ்வும் கழித்த பாண்டவர்களும்தாம். இந்நாளில் நம் மாணவியர் கைப்பேசியில் விரும்பிப் பார்க்கும் ஜப்பானியக் கார்ட்டூன் தொடர்களிலும், சொந்த நாட்டிலிருந்து விரட்டப்பட்ட அமைச்சரோ தலைவரோ ஒருவர் அடிக்கடி தலைகாட்டுகிறார். வேற்று மண்ணில் மாறுவேடத்தில் அலைவார், ஆள் சேர்ப்பார், கடைசியில் ஒரு நாள் படையோடு திரும்பி வருவார். காட்டுக்குப் போனவருக்குப் பட்டாபிஷேகம் காத்திருக்கும் என்று நமக்கு முன்கூட்டியே தெரியும். கதைக்கு அதுதான் சுவை.

வரலாற்றில் நாடு கடத்தப்பட்டவர்களின் நிலை அப்படியா? இதை அறிய நாம் ஜப்பான் வரை போக வேண்டியதில்லை. சாத்தான்குளத்தில் பஸ் ஏறித் தூத்துக்குடியில் இறங்கிக் கடற்கரைக்குப் போனால் போதும். தென்னாட்டு வரலாற்றிலேயே மிகப் பெரிய நாடு கடத்தல்களுள் ஒன்று அந்தக் கரையிலிருந்துதான் நடந்தது. ஆண்டு 1802. கப்பலில் ஏற்றப்பட்டவர்கள் 73 பேர்.

அவர்களைப் பற்றிச் சொல்லும் முன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். தாய்நாட்டுக்கு வெளியே வாழும் அரசியல்வாதிகள் எல்லாரும் ஒரே வகையினர் அல்லர். அரசு விலங்கிட்டுக் கப்பலேற்றி அனுப்பியவர்கள் ஒரு வகை. சிறைக்கு அஞ்சியோ, வெளியே இருந்தால்தான் வேலை நடக்கும் என்று எண்ணியோ எல்லை தாண்டிப் புகலிடம் தேடியவர்கள் இன்னொரு வகை. அரியணையிலிருந்து இறக்கப்பட்டு, உபகாரச் சம்பளம் கொடுத்து வேற்றூர்க் கோட்டையில் வைக்கப்பட்ட மன்னர்களும் உண்டு. இவர்களுள் யாருக்குத் துன்பம் அதிகம் என்று கேட்டால், எத்தனை மைல் தள்ளி அனுப்பப்பட்டார் என்று பலரும் கணக்குப் பார்ப்பார்கள். நான் வேறொரு கணக்குப் பார்க்கச் சொல்வேன். அவர் எழுதுவது ஊருக்கு வந்து சேர்ந்ததா? ஊரார் எழுதுவது அவருக்குப் போய்ச் சேர்ந்ததா? இந்த இரண்டு கேள்விகளுக்கும் கிடைக்கும் விடையில்தான் ஒரு தலைவரின் அரசியல் வாழ்வு உயிரோடிருந்ததா, முடிந்துபோனதா என்பது தெரியும்.

இனி 1802க்கு வருவோம். வீரபாண்டிய கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட செய்தி நாமெல்லாரும் வகுப்பில் படித்தது. அதோடு கதை முடிந்துவிடவில்லை. பாளையங்கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டிருந்த அவர் தம்பி ஊமைத்துரை 1801 பிப்ரவரியில் தப்பினார். இடிக்கப்பட்டிருந்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை சில நாள்களுக்குள் மண்ணால் மீண்டும் எழுந்தது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் தூத்துக்குடியே சில காலம் பாஞ்சாலங்குறிச்சியாரின் கைக்கு வந்திருந்தது. மே 24இல் கோட்டை விழுந்தபின் ஊமைத்துரை சிவகங்கைச் சீமைக்குப் போய் மருது சகோதரர்களோடு சேர்ந்தார். ஜூன் மாதத்தில் சின்ன மருதுவின் பெயரால் ஓர் அறிக்கை திருச்சிராப்பள்ளிக் கோட்டையிலும் திருவரங்கத்திலும் ஒட்டப்பட்டது. எல்லாச் சாதியாரும் எல்லா ஊராரும் சேர்ந்து கம்பெனியாரை எதிர்க்க வேண்டும் என்பது அதன் சாரம். ஒரு பாளையத்தின் வரித் தகராறாகத் தொடங்கியது நாட்டு விவகாரமாக மாறியது இங்கேதான். ஆகவேதான் இவர்களை வெறும் போர்வீரர்கள் என்று சொல்லிவிட்டுப் போகாமல், அரசியல் தலைவர்கள் என்றே சொல்ல வேண்டும்.

அக்டோபர் முதல் நாள் காளையார்கோயில் வீழ்ந்தது. 24ஆம் நாள் திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். நவம்பரில் ஊமைத்துரை பாஞ்சாலங்குறிச்சியிலேயே உயிர் துறந்தார். தூக்கிலிடப்பட்டவர்கள் போக எஞ்சியவர்களுள் 73 பேரைக் கம்பெனி அரசு தெரிந்தெடுத்தது. அவர்களைக் கடல் கடத்தி, அந்நாளில் வேல்ஸ் இளவரசர் தீவு என்று ஆங்கிலேயர் அழைத்த பினாங்குக்கு அனுப்பத் தீர்மானித்தது. சிவகங்கையின் அரசராயிருந்த வேங்கன் பெரிய உடையத் தேவர் அவர்களில் ஒருவர். சின்ன மருதுவின் மகன் துரைச்சாமி இன்னொருவர். துரைச்சாமிக்கு அப்போது வயது பதினைந்து அளவில்தான். நம் பள்ளியில் பத்தாம் வகுப்பில் இருக்கும் வயது!

ஏன் இவர்களையும் தூக்கிலிடவில்லை என்று நீங்கள் கேட்கலாம். இரக்கம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம் நாட்டில் வீரன் விழுந்த இடத்தில் நடுகல் நிற்கும். அடுத்த தலைமுறையில் அங்கே விளக்கெரியும். அதற்கடுத்த தலைமுறையில் கொடை நடக்கும். தேரிக்காட்டுப் பக்கம் போய்ப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கடலுக்கப்பால் அனுப்பிவிட்டாலோ கல் நடவும் இடமில்லை, ஈமக்கடன் செய்ய நாளும் தெரியாது. இருக்கிறாரா, இறந்தாரா என்பது தெரியாத ஒருவரைத் தெய்வமாக்கவும் முடியாது, மறக்கவும் முடியாது. போதாதற்கு, கடல் கடந்தால் சாதியும் சடங்கும் கெடும் என்ற அச்சமும் அந்நாள் மக்களிடம் ஆழமாக இருந்தது. ‘காலாபாணி’, அதாவது கரிய நீர் என்று வடநாட்டார் அஞ்சிய அதே அச்சம்தான்.

தூத்துக்குடிக் கரை ஆழமற்றது. பெரிய கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். ஆளையும் சரக்கையும் படகில் ஏற்றிக்கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். 1974இல் புதிய துறைமுகம் திறக்கப்படும் வரை பெருங்கப்பல்களுக்கு ஏறத்தாழ இதே நிலைதான். ஆகவே 1802 பிப்ரவரியில் அந்த 73 பேரும் முதலில் படகில்தான் ஏறியிருக்க வேண்டும். கரையில் நின்றவர்களுக்குப் படகு சிறுத்துக்கொண்டே போவது நெடுநேரம் தெரிந்திருக்கும். அட்மிரல் நெல்சன் என்பது அவர்களைச் சுமந்து சென்ற கப்பலின் பெயர். ஓராண்டுக்கு முன்பு அவர்கள் தரப்பு கைப்பற்றியிருந்த துறைமுகமே அவர்களை வெளியே அனுப்பும் வாசலாயிற்று.

பினாங்கு அப்போது ஆங்கிலேயருக்குப் புதிய தீவு. 1786இல்தான் பிரான்சிஸ் லைட் என்பவர் அங்கே கொடியேற்றியிருந்தார். காடு வெட்டவும் சாலை போடவும் ஆள் வேண்டும். ஆகவே இந்தியக் கைதிகளை அங்கே கொண்டுபோய் வேலை வாங்கும் வழக்கம் ஏற்பட்டிருந்தது. அரசராயிருந்தவரும் மற்றவர்களும் அந்தக் கைதிகள் தீவிலே போய் இறங்கினார்கள். உடையத் தேவர் சிவகங்கைக்குத் திரும்பவே இல்லை.

இனித் துரைச்சாமியின் செய்தியைக் கேளுங்கள். ஜேம்ஸ் வெல்ஷ் என்றோர் ஆங்கிலேயப் படை அதிகாரி இருந்தார். இளமையில் மதுரைப் பக்கம் பணியாற்றியபோது சின்ன மருதுவோடு பழகியவர். ஈட்டி எறியவும் வளரி வீசவும் தமக்கு முதன்முதலில் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருதுவே என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். அதே வெல்ஷ் 1801இல் கம்பெனிப் படையில் நின்று அந்த நண்பரின் தரப்பையே எதிர்த்துப் போரிட்டார். பிறகு 1818இல் அவர் பினாங்குக்குப் போக நேர்ந்தது. அங்கே ஒரு மனிதர் அவர் எதிரே வந்து நின்றார். தளர்ந்து, நலிந்து, கிழவனைப் போன்ற தோற்றம். யார் என்று வெல்ஷுக்கு அடையாளம் தெரியவில்லை. துரைச்சாமி என்று பெயரைச் சொன்னபோதுதான் தெரிந்தது. கணக்குப் பாருங்கள்: அப்போது அவருக்கு வயது முப்பதுக்குச் சற்று மேல்தான்.

அவர் வெல்ஷிடம் பணமோ விடுதலையோ கேட்கவில்லை. ஊரில் எஞ்சியிருக்கும் தம் குடும்பத்தாருக்கு ஒரு கடிதம் கொண்டு போவீர்களா என்று கேட்டார். அந்த இடத்தின் விதிக்கும் தம் கடமைக்கும் அது மாறானது என்று வெல்ஷ் மறுத்துவிட்டார். 1830இல் இலண்டனில் வெளிவந்த தம் நினைவுக் குறிப்புகளில் இதை அவரே வருத்தத்தோடு பதிவு செய்திருக்கிறார். வருத்தப்பட்டார் என்பது மெய்தான். ஆனாலும் கடிதம் போகவில்லை.

பதினாறு ஆண்டுகள் கழிந்த பின்னும் ஒரு கடிதத்துக்கு ஏன் அத்தனை தடை? கோட்டைகள் இடிக்கப்பட்டாயிற்று. ஆயுதம் வைத்திருப்பதைத் தடை செய்து 1801 டிசம்பரிலேயே அறிக்கையும் வந்துவிட்டது. சீமையில் எதிர்க்க யாருமில்லை. ஆனாலும் ‘நான் இருக்கிறேன்’ என்று எழுதிய ஒரு துண்டு ஓலை போதும், பழைய பேச்சு மீண்டும் கிளம்ப. கம்பெனியார் இதை நன்றாகவே அறிந்திருந்தார்கள் என்று நினைக்கிறேன்.

அதே பினாங்குத் தீவுக்கு நூற்றெட்டு ஆண்டுகள் கழித்து இன்னொரு நாட்டின் அரசியல்வாதி வந்தார். அவர் சீனாவின் சுன் யாட் சென். மஞ்சு மன்னராட்சியை எதிர்த்துக் கிளர்ச்சி செய்து, நாட்டுக்குள் கால் வைக்க முடியாமல் ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்தவர். 1910இல் பினாங்கில் குடும்பத்தோடு தங்கினார். ஆர்மீனியன் தெருவில் ஒரு வீட்டில் அவருடைய இயக்கத்தின் அலுவலகம் நடந்தது. அந்த நவம்பரில் நடந்த கூட்டங்களில் அவர் பேசப் பேச, அங்கே குடியேறியிருந்த சீனர்கள் அடுத்த கிளர்ச்சிக்காக நிதி கொடுத்தார்கள். அப்போது தொடங்கப்பட்ட குவோங் வா என்னும் சீன நாளேடு இன்றும் வெளிவருகிறது. இந்தப் பேச்செல்லாம் ஆங்கில அதிகாரிகளுக்குப் பிடிக்கவில்லை. டிசம்பரில் அவரைத் தீவைவிட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள். ஆனால் அதற்குள் பணமும் செய்தியும் போக வேண்டிய இடத்துக்குப் போய்விட்டன. 1911 ஏப்ரலில் கான்டன் நகரில் நடந்த எழுச்சி தோற்றது. அக்டோபரில் ஊச்சாங் நகரில் நடந்தது வென்றது. வென்ற நாளில் சுன் யாட் சென் எங்கே இருந்தார் தெரியுமா? அமெரிக்காவில், டென்வர் நகரில்! தம் இயக்கம் வென்றதை அவரே செய்தித்தாளில் படித்துத்தான் அறிந்துகொண்டார். 1912 ஜனவரி முதல் நாள் சீனக் குடியரசின் இடைக்காலத் தலைவராகப் பொறுப்பேற்றார்.

ஒரே தீவு. துரைச்சாமிக்கு ஒரு கடிதம் அனுப்ப வழியில்லை; சுன் யாட் சென்னுக்கு நாளேடே இருந்தது. கார்ட்டூன் கதைகளில் வருவதுபோலத் திரும்பி வந்து ஆட்சி அமைத்தவர் இரண்டாமவர் என்பதில் வியப்பில்லை.

இப்போது மீண்டும் நம் மாவட்டத்துக்கு வருவோம். எட்டயபுரத்தில் 1882 டிசம்பர் 11இல் பிறந்த சுப்பிரமணிய பாரதியார் சென்னையில் ‘இந்தியா’ வார இதழை நடத்தி வந்தார். 1908இல் அந்த இதழின் சட்டப்படியான ஆசிரியராகப் பெயர் கொடுத்திருந்தவர் கைது செய்யப்பட்டார். அடுத்த கைது தம்முடையது என்பதை உணர்ந்த பாரதியார், நண்பர்கள் வற்புறுத்தியதால் புதுச்சேரிக்குப் போய்ச் சேர்ந்தார். புதுச்சேரி அப்போது பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தது. சென்னையிலிருந்து ரயிலில் ஓர் இரவுப் பயணம். பேச்சு தமிழ், உணவு தமிழ்நாட்டு உணவு. ஆனாலும் ஆங்கிலேயச் சட்டத்தின் கை அங்கே எட்டாது. எல்லைக்கோட்டுக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு.

அக்டோபரிலேயே ‘இந்தியா’ புதுச்சேரியிலிருந்து மீண்டும் வரத் தொடங்கியது. ஆங்கில அரசுக்கு ஆசிரியரைப் பிடிக்க வழியில்லை. ஆகவே இதழைப் பிடித்தது. பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் இதழ் வருவதற்குத் தடை விதித்தார்கள். வாசகர் கைக்குப் போகாத இதழ் எத்தனை நாள் ஓடும்? 1910 மார்ச்சில் நின்றது. 1911இல் பாரதியாரின் ‘கனவு’, ‘ஆறில் ஒரு பங்கு’ என்னும் இரண்டு நூல்களும் பறிமுதல் பட்டியலில் சேர்ந்தன. அவர் வீட்டைச் சுற்றி ஒற்றர்கள் நின்றார்கள். வந்த கடிதமும் போன கடிதமும் அவர்கள் கண்ணுக்குத் தப்பவில்லை. அந்த ஆண்டு ஜூன் 17இல் மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்ட பிறகு கெடுபிடி இன்னும் கூடியது. புதுச்சேரியில் தங்கும் வெளியார், ஊர்ப் பிரமுகர்கள் ஐவரின் உறுதிக் கையெழுத்தைக் காட்ட வேண்டும் என்று பிரெஞ்சு நிர்வாகமே ஒரு விதியைக் கொண்டு வந்தது. சங்கர செட்டியார் என்னும் புதுவை வணிகர் அலைந்து திரிந்து அந்தக் கையெழுத்துகளைப் பெற்றுத் தந்தார். அந்த ஐந்து கையெழுத்துகள் கிடைக்காமல் போயிருந்தால் நம் தமிழ் இலக்கிய வரலாற்றில் சில பக்கங்கள் இன்று இருந்திருக்குமோ, இல்லையோ!

ஏனெனில், அரசியல் பேச வாய்ப்பு அடைபட்ட அந்த ஆண்டுகளில்தான் ‘பாஞ்சாலி சபதம்’ பிறந்தது. அதன் முதற்பாகம் 1912இல் அச்சாயிற்று. ‘கண்ணன் பாட்டு’, ‘குயில் பாட்டு’ ஆகியவையும் புதுவையில் எழுந்தவையே. துரியோதனன் சபையில் நாட்டையும் மனைவியையும் பணயம் வைத்து ஆடியதைப் பாடினால் எந்தச் சட்டம் தடுக்கும்? படிக்கிறவர்களுக்கு யார் துரியோதனன், யார் பாஞ்சாலி என்பது தெரியாதா என்ன! பின்னாளில் ‘சுதேசமித்திரன்’ ஏட்டில் காளிதாசன், சக்திதாசன் என்ற புனைபெயர்களில் அவர் எழுதியவையும் வெளிவந்தன. வாசல் அடைத்தால் சன்னல் வழியாகவாவது சொல் ஊருக்கு வந்து சேர்ந்துகொண்டிருந்தது.

புதுவையில் பாரதியார் தனியாக இல்லை. கல்கத்தாவிலிருந்து அரவிந்தர் 1910 ஏப்ரல் 4இல் வந்தார். இலண்டனில் பாரிஸ்டர் படிப்புக்குப் போன வ.வே.சு. ஐயர், பிடியாணைக்குத் தப்பி மாறுவேடத்தில் பல நாடுகளைக் கடந்து அதே ஆண்டு அக்டோபரில் வந்து சேர்ந்தார். மாறுவேடம் என்பது கதையில் மட்டும் நடப்பதன்று என்பதற்கு ஐயரே சான்று. அவர் புதுவையில் இருந்தபடியே திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1916இல் வெளியிட்டார். ‘குளத்தங்கரை அரசமரம்’ என்னும் அவருடைய கதையைத் தமிழின் முதல் சிறுகதைகளுள் ஒன்றாகச் சொல்வார்கள். பொது மன்னிப்புக்குப் பின் 1920இல் அவர் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார். 1925இல் நம் பக்கத்துப் பாபநாசத்தில், கல்யாண தீர்த்தத்தின் நீர்ச்சுழலில் சிக்கிய தம் மகள் சுபத்திராவைக் காப்பாற்றக் குதித்து அங்கேயே இறந்தார். அரவிந்தரோ அரசியலைவிட்டு யோகத்தில் இறங்கி, 1950 டிசம்பர் 5 வரை புதுவையிலேயே வாழ்ந்து மறைந்தார். அவருக்கு அது நாளடைவில் புகலிடமாக இல்லாமல் சொந்த இடமாகவே ஆகிவிட்டது.

வீட்டுப் பெண்களின் நிலையையும் பெண்கள் பள்ளி மலரில் எழுதும்போது விட்டுவிடலாகாது. பாரதியாரின் மனைவி செல்லம்மா நம் நெல்லைச் சீமையின் கடையத்துப் பெண். அரசியல் மேடைக்கு உரியவராக அறியப்பட்டவர் அல்லர். ஆனால் கணவரோடு பத்தாண்டுக் காலத்தின் பெரும்பகுதியைப் புதுவையில் கழித்தார். தங்கம்மாள், சகுந்தலா என்ற இரண்டு பெண்களை ஒற்றர் காவல் நின்ற தெருவில் வளர்த்தார். அடுத்த மாதம் அரிசிக்குப் பணம் வருமா என்று தெரியாத குடித்தனம் அது. பாரதியாரைப் பற்றி நாடெல்லாம் பேசிய பின்னர், 1951இல் திருச்சி வானொலியில் ‘என் கணவர்’ என்ற தலைப்பில் செல்லம்மா பேசினார். அதுவரை அவரிடம் கேட்டவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

1918 நவம்பர் 20ஆம் நாள் பாரதியார் புதுச்சேரியைவிட்டு வெளியே வந்தார். எல்லையைத் தாண்டியதும் கடலூருக்கருகில் கைது செய்யப்பட்டார். மூன்று வாரத்துக்குச் சற்று அதிகமாகக் கடலூர்ச் சிறையில் இருந்தார். டிசம்பர் 14இல் விடுதலை கிடைத்தது, சில நிபந்தனைகளோடு. நெல்லைச் சீமையில் குறித்த பகுதிக்குள் வாழ வேண்டும். அரசியல் எழுத்துகளை முன்னதாக அதிகாரிகளிடம் காட்டி இசைவு பெற வேண்டும். கடையத்தில் போய் இருந்தார். புதுவையில் இருந்தபோது பிறந்த மண் இல்லை, ஆனால் நினைத்ததை எழுத முடிந்தது. கடையத்தில் பிறந்த சீமை இருந்தது, எழுதுவதற்குப் பூட்டு விழுந்தது. எது நாடு கடத்தல், எது வீடு திரும்பல் என்று இங்கே சற்று நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. 1920இல் நிபந்தனைகள் நீங்கிச் சென்னை சென்று சுதேசமித்திரனில் சேர்ந்தார். மறு ஆண்டு செப்டம்பரில் மறைந்தார்.

சட்டப்படி ‘நாடு கடத்தல்’ தண்டனை பெற்றும் நாட்டைவிட்டுப் போகாத ஒருவரும் நம் மாவட்டத்தில் உண்டு. ஓட்டப்பிடாரத்தில் பிறந்து தூத்துக்குடியில் வழக்கறிஞராயிருந்த வ.உ. சிதம்பரம் பிள்ளைதான் அவர். 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியவர். 1908 ஜூலை 7இல் திருநெல்வேலியில் நீதிபதி பின்ஹே அவருக்கு இரண்டு ஆயுள்கால நாடு கடத்தல் தண்டனை விதித்தார். ஒன்று முடிந்து மற்றொன்று என்றால் நாற்பது ஆண்டு! அந்தச் செய்தியைக் கேட்ட தம்பி மீனாட்சிசுந்தரம் மனநிலை பிறழ்ந்தவர் பின்பு தெளியவே இல்லை. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. அந்தமானுக்கு அனுப்பாமல் கோயம்புத்தூர், கண்ணூர்ச் சிறைகளில் வைத்தார்கள். அங்கே அவர் செக்கிழுத்ததை நாடறியும். 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது கப்பல் கம்பெனி கலைந்திருந்தது. கப்பலும் போட்டிக் கம்பெனியாரிடமே விற்கப்பட்டிருந்தது. வழக்கறிஞர் உரிமமும் பறிபோயிருந்தது. சென்னை, கோவை, கோவில்பட்டி என்று பல ஊர்களில் வாழ்ந்து கடைசி ஆண்டுகளில்தான் தூத்துக்குடிக்குத் திரும்பி, 1936 நவம்பர் 18இல் அங்கே இறந்தார். கடல் தாண்டாமலே ஒருவரை அவர் ஊரிலிருந்தும் அவர் தொழிலிலிருந்தும் எடுத்துவிட முடியும் என்பதை அவர் வாழ்வில் பார்க்கிறோம். தூத்துக்குடிப் பெருந்துறைமுகம் 2011இல் அவர் பெயரைப் பெற்றது.

மன்னர்களின் செய்தியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நமக்கு எதிர்க்கரையான இலங்கையில் கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1815இல் பிடிபட்டார். அவர் நாயக்கர் மரபினர். முன்னோர் மதுரைச் சீமையிலிருந்து போனவர்கள். அந்த ஆண்டு மார்ச் 2ஆம் நாள் கையெழுத்தான கண்டி உடன்படிக்கை, அவருடைய ஆண் உறவினர் எவரும் கண்டி நாட்டுக்குள் நுழையக் கூடாது என்றே ஒரு விதி எழுதி வைத்தது. 1816இல் அவரைக் கொழும்பிலிருந்து கப்பலேற்றிச் சென்னைக்கும், பிறகு வேலூர்க் கோட்டைக்கும் கொண்டு வந்தார்கள். அதாவது முன்னோர் நாட்டுக்கே நாடு கடத்தினார்கள்! 1832 ஜனவரி 30இல் அங்கேயே இறந்தார். பாலாற்றங்கரையில் அவருக்கு முத்து மண்டபம் இருக்கிறது. இன்னொரு விந்தையும் உண்டு. தில்லியின் கடைசி மொகலாய அரசர் பகதூர் ஷாவை ஆங்கிலேயர் ரங்கூனுக்கு அனுப்பினார்கள்; அவர் 1862இல் அங்கே இறந்தார். பர்மாவின் கடைசி அரசர் தீபாவை 1885இல் பிடித்து இந்தியாவுக்குக் கொண்டு வந்தார்கள். அவர் 1916இல் மேற்குக் கரையில் இரத்தினகிரியில் இறந்தார். பண்டமாற்றுப்போல அரசர்களை இடம் மாற்றி வைத்துவிட்டார்கள்.

நம் காலத்திலும் நாடு கடந்து வாழும் தலைவர்கள் இருக்கிறார்கள். திபெத்திலிருந்து 1959இல் இந்தியாவுக்கு வந்த தலாய் லாமா தர்மசாலாவிலிருந்து தம் மக்களுக்குப் பேசி வந்திருக்கிறார். துரைச்சாமி கெஞ்சிக் கேட்ட கடிதம் இன்று கைப்பேசியில் ஒரு நொடியில் போய்விடும். ஆகவே இன்றைய அரசுகள் ஆளைக் கப்பலேற்றுவதைவிட்டுப் பாஸ்போர்ட்டை ரத்து செய்கின்றன, இணையத்தைத் துண்டிக்கின்றன. பழைய ‘இந்தியா’ இதழை எல்லையில் மறித்ததற்கும் இதற்கும் எனக்குப் பெரிய வேறுபாடு தெரியவில்லை.

இந்தியத் தண்டனைச் சட்டத்தில் ‘ஆயுள்கால நாடு கடத்தல்’ என்ற தண்டனை சுதந்திரம் கிடைத்த பிறகும் எட்டாண்டுகளுக்கு மேல் எழுத்தில் இருந்து வந்தது. 1955ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அதை எடுத்துவிட்டு ‘ஆயுள் சிறை’ என்று மாற்றியது. 1956 ஜனவரி முதல் நாளிலிருந்து அது நடைமுறைக்கு வந்தது. துரைச்சாமி கப்பலேறி அன்றைக்கு 154 ஆண்டுகள் ஆகும் தறுவாய்.